பொது இடத்தில் தாய்ப்பால்: புதுத் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரசவம் முடிந்து அம்மா வீட்டில் இருக்கும்வரை இது ஒரு பிரச்சினையாகவே தெரியாது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டால் போதும். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் கிளம்பும்போதோ, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டுக்குப் பஸ் ஏறும்போதோதான் "வழியில் அழுதால் என்ன செய்வது?" என்ற பயம் வரும். எங்கள் தெருவிலும் சொந்தத்திலும் குழந்தை பெற்ற பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை; இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள், அவ்வளவுதான். தமிழ்நாட்டு பஸ்ஸையும் கோவிலையும் கல்யாண மண்டபத்தையும் மனதில் வைத்துச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன் வயிறு நிறையக் கொடுத்துவிட்டால் போதாதா? வெளியே ஏன் கொடுக்க வேண்டும்?

கிளம்பும் முன் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் அதை நம்பி அரை நாள் பயணம் போக முடியாது. பிறந்த சில மாதங்களுக்குக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை குடிக்கும். அதன் வயிறு சின்னது, தாய்ப்பாலும் சீக்கிரம் செரித்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: திருச்சியில் ஏறி மதுரையில் இறங்குவதற்குள் ஒரு தடவையாவது கேட்கும். வெயில் நாளில் இரண்டு தடவைகூட.

"வீட்டுக்குப் போய்க் கொடுத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பால் கட்டிக்கொள்ளும். மார்பு கல்லாகி, வலித்து, சில சமயம் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். பட்டினி குழந்தைக்கு, வேதனை அம்மாவுக்கு. பார்க்கிறவர்களுக்குத்தான் சௌகரியம்.

பொது இடத்தில் பால் கொடுப்பது சட்டப்படி தப்பா?

தப்பில்லை. இந்தியாவில் அதைத் தடுக்கிற சட்டம் எதுவும் கிடையாது. பூங்காவோ, பஸ்ஸோ, கடற்கரையோ, குழந்தையோடு நீங்கள் இருக்கலாம் என்றால் அங்கே பாலும் கொடுக்கலாம்.

"ஆபாசம்" என்று யாராவது சட்டம் பேசினால் சொல்வதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. 2018 மார்ச்சில் ஒரு மலையாள மகளிர் இதழ், மார்பை மறைக்காமல் பால் கொடுக்கும் பெண்ணின் படத்தை அட்டையில் போட்டது. 'முறைத்துப் பார்க்காதீர்கள், நாங்கள் பால் கொடுக்க வேண்டும்' என்று தாய்மார்கள் கேரளத்துக்குச் சொல்வதாக வாசகம். பெரிய சண்டை நடந்தது. அட்டையில் இருந்தவர் நிஜத்தில் தாய் இல்லை, மாடல் என்பதை வைத்துத் தனி விவாதம் ஓடியது. வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தப் படத்தில் ஆபாசம் எதுவும் தெரியவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதைவிட நமக்கு நேரடியாக உதவுவது உச்ச நீதிமன்றத்தின் 2025 பிப்ரவரி 19 தீர்ப்பு. நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, பிரசன்னா வராலே அமர்வு. பொது இடங்களில் பாலூட்டும் அறையும் குழந்தைகள் காப்பகமும் அமைக்கச் சொல்லி மத்திய அரசு 2024 பிப்ரவரியில் மாநிலங்களுக்கு ஏற்கெனவே கடிதம் எழுதியிருந்தது. அதை நடைமுறைப்படுத்துங்கள் என்றது தீர்ப்பு. இருக்கிற கட்டடங்களில் முடிந்தவரை ஏற்பாடு செய்ய வேண்டும், புதிதாகக் கட்டுகிறவற்றில் முதலிலேயே இடம் ஒதுக்க வேண்டும். பொது இடத்தில் பால் கொடுப்பதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. ஒன்பது மாதக் குழந்தை ஒன்றும் அதன் தாயும் 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இதே கோரிக்கையோடு வழக்குப் போட்டார்கள். அந்தக் குழந்தையின் பெயரில் தொடங்கிய அமைப்புதான் உச்ச நீதிமன்றம் வரை போனது.

வெளிநாட்டில் இருக்கும் மகள் வெளியே பால் கொடுக்கலாமா என்று ஒரு அம்மா கேட்டார். கொடுக்கலாம்: இங்கிலாந்தில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமே கடை, ஹோட்டல், பஸ் எல்லாவற்றிலும் பால் கொடுக்கும் தாய்க்குப் பாதுகாப்பு தருகிறது. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் சட்டம் இருக்கிறது. அங்கே மகள் கொடுத்தால் நீங்கள் பதற வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டில் தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கிறதாமே? உண்மையிலேயே பயன்படுத்தும்படி இருக்குமா?

இருக்கிறது. 2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி, அன்றைய முதல்வர் ஜெயலலிதா மாநிலம் முழுவதும் சுமார் 350 பேருந்து நிலையங்களில் இந்த அறைகளைத் திறந்து வைத்தார். அப்போது நாட்டிலேயே இது பெரிய விஷயம். நல்ல திட்டம் என்று இப்போதும் சொல்வேன்.

பயன்படுத்தும்படி இருக்குமா என்றால், ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் ஃபேன், பெஞ்ச், கை கழுவக் குழாய் எல்லாம் சரியாக இருக்கும். சில இடங்களில் கதவில் பூட்டு தொங்கும். உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும் குடியிருக்கும். எங்கள் பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டில் ஃபேன் ஓடாது, ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டியிருப்பார்கள். மே மாதத்தில் அதற்குள் குழந்தையோடு பத்து நிமிஷம் உட்கார்ந்தால் இரண்டு பேரும் குளித்து வந்த மாதிரி வெளியே வருவோம்.

பூட்டியிருந்தால் டைம் கீப்பர் அறையில் கேளுங்கள். பெரும்பாலும் சாவி அங்கேயோ, பக்கத்துக் கட்டணக் கழிப்பறையில் காசு வாங்குகிறவரிடமோ இருக்கும். "சார், ஃபீடிங் ரூம் சாவி குடுங்க" என்று சத்தமாகவே கேளுங்கள். கூச்சப்பட்டு முணுமுணுத்தால் அவர்களும் "எந்த ரூம்மா?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்பார்கள். உள்ளே போனதும் தாழ்ப்பாள் போடுகிறதா பாருங்கள். மூலையில், ஜன்னலில், சார்ஜர் மாட்டும் இடத்தில் சந்தேகப்படும்படி ஏதாவது இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். காலம் அப்படி.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த அறை நமக்குச் செய்து கொடுத்திருக்கிற வசதி. "அறை இருக்கும்போது வெளியே ஏன் உட்கார்ந்து கொடுக்கிறாய்?" என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. அறை அந்தக் கோடியில் இருக்கிறது, உங்கள் பஸ் இந்தக் கோடியில் நிற்கிறது, கையில் இரண்டு பை என்றால் பஸ்ஸிலேயே கொடுங்கள்.

அறை இல்லை, அல்லது போகிற மாதிரி இல்லை. வேறு எங்கே உட்காரலாம்?

ஜவுளிக்கடை. சந்தேகமே வேண்டாம், முதல் இடம் அதுதான். பெரிய கடைகளில் பட்டுப்புடவைப் பிரிவில் உட்கார இடம், ஏசி, சுற்றிலும் பெண்கள். சேல்ஸில் நிற்கும் அக்காமார்களிடம் "குழந்தை அழுகுது, பால் குடுக்கணும்" என்று சொன்னால் போதும், ட்ரையல் ரூமைத் திறந்துவிட்டு ஸ்டூலும் போட்டுத் தருவார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைக் கடந்து வந்தவர்கள். அப்புறம் ஹோட்டலில் ஃபேமிலி ரூம், ஆஸ்பத்திரியில் புறநோயாளிகள் காத்திருக்கும் பகுதி, கல்யாண மண்டபமாக இருந்தால் மணமகள் அறை. மணமகள் அறையில் மேக்கப் நடக்கும்போது நுழைந்தால் திட்டு விழும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கழிப்பறைக்கு மட்டும் போகாதீர்கள். சில வருஷத்துக்கு முன் கொல்கத்தாவில் ஒரு வணிக வளாகம், பால் கொடுக்க இடம் கேட்ட தாயைக் கழிப்பறைக்குப் போகச் சொல்லி, நாடு முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டது. நாம் யாரும் அங்கே உட்கார்ந்து சாப்பிட மாட்டோம்.

கோவிலில் கொடுக்கலாமா? தீட்டு என்கிறார்களே.

குலதெய்வக் கோவிலுக்கு முடி இறக்கவும் காது குத்தவும் போகிற கூட்டத்தில் பாதி கைக்குழந்தைதான். புளியமரத்தடியில் பொங்கல் பொங்கிக்கொண்டிருக்கும், பக்கத்தில் பாயில் உட்கார்ந்து மருமகள் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். அங்கே யாரும் தீட்டு பேசி நான் கேட்டதில்லை. பெரிய கோவில்களில் சன்னதி வரிசையை விட்டு விலகி, பிரகாரத்தில் தூண் ஓரமாகவோ மண்டபத்திலோ உட்கார்ந்தால் போதும். தாய்ப்பாலுக்குத் தீட்டு கிடையாது. சீர்காழியில் அழுத குழந்தைக்கு உமையம்மையே பால் கொடுத்ததாகத்தான் நம் கதை. அது பொற்கிண்ணத்தில் கொடுத்தது என்று என் மாமியார் திருத்துவார். சரி, குளக்கரையில்தானே கொடுத்தாள்!

நீண்ட தரிசன வரிசையில் நிற்கும்போது பசி வந்தால் அங்கே நிற்கும் காவலரிடமோ பணியாளரிடமோ சொல்லுங்கள். கைக்குழந்தை என்றால் பெரும்பாலும் ஓரமாக உட்காரவோ சீக்கிரம் போகவோ விடுவார்கள்.

ஓடும் பஸ்ஸில் கொடுத்தால் புரையேறுமா? எந்த சீட் நல்லது?

சரியாகப் பிடித்திருந்தால் புரையேறாது. குழந்தையின் தலை வயிற்றைவிட உயரத்தில் இருக்க வேண்டும், உடம்பு முழுவதும் உங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கழுத்தை மட்டும் திருப்பிக் குடிக்கவைத்தால் வீட்டிலேயே புரையேறும். பிரேக் அடித்தால் தாங்க, ஒரு கை எப்போதும் குழந்தையின் கழுத்துக்கும் முதுகுக்கும் பின்னால் இருக்கட்டும்.

சீட் என்றால் ஜன்னல் ஓரம். கடைசி வரிசை வேண்டாம், தூக்கிப் போடும். பின்சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டும் அப்படித்தான். இன்ஜினுக்குப் பக்கத்தில் உள்ளது சூடு. நடுவில், ஜன்னல் பக்கம் உடம்பைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு, நடைபாதைப் பக்கம் கூட வந்தவரை உட்காரவையுங்கள். தனியாகப் போனால், நீங்களே ஒரு பெண்ணைப் பார்த்து "அக்கா, இங்க உக்காருங்களேன்" என்று கூப்பிடுங்கள். வராதவர் யாரும் இல்லை. குழந்தைக்கு என்ன பேர், எந்த ஆஸ்பத்திரி, சுகப்பிரசவமா ஆபரேஷனா என்பதற்கெல்லாம் பதில் சொல்லத் தயாராக இருங்கள், அவ்வளவுதான்.

டவுன் பஸ் நெரிசலில் நின்றுகொண்டு வந்தால், கேட்டே இடம் வாங்குங்கள். கண்டக்டரிடம் சொன்னால் அவரே யாரையாவது எழுப்பிவிடுவார்.

ரயில் சுலபம். ஸ்லீப்பரில் கீழ் பெர்த்தில் இருந்தால் ஒரு போர்வையையோ துப்பட்டாவையோ நடு பெர்த்தின் சங்கிலிகளில் கட்டித் தொங்கவிடுங்கள். சின்னதாக ஒரு திரை கிடைத்துவிடும், இரவு முழுக்க அவிழ்க்கவே வேண்டாம். படுத்துக் கொடுப்பதாக இருந்தால் குழந்தை சுவர்ப் பக்கம். நீங்கள் கண்ணயர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் விழித்திருந்தால் நல்லது, பெர்த் அகலம் அப்படி. காரில் வண்டி ஓடும்போது கொடுக்காதீர்கள், ஓரமாக நிறுத்திக் கொடுங்கள். விமானத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் குடிக்கவைத்தால் காது அடைப்பு குறையும்.

என்ன உடுத்திக்கொண்டு போவது?

புடவையைப் போல எதுவும் வராது. ஆனால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. முந்தானை இடது தோளில் விழுவதால், இடது பக்கம் கொடுப்பது எளிது. இடுப்புப் பக்கம் திறந்திருக்கும் இடம் வழியாகக் குழந்தையின் தலையை முந்தானைக்குள் விட்டால், வெளியே எதுவும் தெரியாது. வலது பக்கம் கொடுக்கும்போது, பின்னால் தொங்கும் தலைப்பை முதுகு வழியாகச் சுற்றி வலது தோளுக்கு மேல் கொண்டுவந்து போட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஹூக் வைத்த, கொஞ்சம் லூசான ரவிக்கையாக இருக்கட்டும். எல்லா ஹூக்கையும் கழற்றாதீர்கள். கீழிருந்து இரண்டோ மூன்றோ கழற்றி ரவிக்கையை மேலே தூக்கினால் போதும். பின்பக்கம் ஹூக் வைத்த டிசைனர் ரவிக்கையோடு கல்யாணத்துக்குப் போய், மண்டபத்தில் கண்ணீர் விட்ட பெண்களை எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஜன்னல் காற்றுக்கு முந்தானை பறக்கும், ஒரு ஊக்கு கையோடு இருக்கட்டும்.

சுடிதார் என்றால் டாப்ஸுக்கு உள்ளே ஒரு ஸ்லிப் போடுங்கள். டாப்ஸை மேலே தூக்கி, ஸ்லிப்பைக் கீழே இறக்கினால் வயிறும் மூடியிருக்கும், மேலேயும் மூடியிருக்கும். இரு பக்கமும் மறைவாக ஜிப் வைத்த ஃபீடிங் குர்தி இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. இருப்பதையே தையல்காரரிடம் கொடுத்து ஜிப் வைக்கச் சொன்னால் இன்னும் மலிவு. ஃபீடிங் பிரா இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கிளம்பும் முன் வீட்டில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். நாம் நினைக்கிற அளவில் கால்வாசிகூட வெளியே தெரியாது. அதைப் பார்த்த பிறகு பாதிப் பயம் போய்விடும்.

ஃபீடிங் கவர் வாங்க வேண்டுமா?

உங்களுக்குக் கூச்சம் குறையும் என்றால் வாங்குங்கள். நான் அதன் ரசிகை இல்லை. நம் ஊர் வெயிலில், கழுத்தில் மாட்டும் அந்தத் துணிக்குள் குழந்தைக்குப் புழுங்கித் தள்ளும். நாலு மாதம் ஆனபின் கையால் இழுத்துத் தூக்கிவிடும், யாரும் கவனிக்காதவர்கள்கூட அப்போது கவனிப்பார்கள். பாலியெஸ்டர் துணி கூடவே கூடாது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டால் அது போர்வை, திரை, துண்டு, மடியில் விரிப்பு எல்லாம். எதைப் போட்டு மூடினாலும் குழந்தையின் மூக்கும் முகமும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், காற்று போக வேண்டும்.

நாலு பேர் முன்னால் கொடுத்தால் கண்ணு பட்டுப் பால் வற்றிவிடும் என்று மாமியார் சொல்கிறார்.

பால் வற்றாது. குழந்தை குடிக்கக் குடிக்கச் சுரக்கும். வற்றுவது, குடிக்கவிடாமல் மணிக்கணக்கில் தள்ளிப்போடுவதால்தான்.

ஆனால் மாமியார் சொல்வதற்குப் பின்னால் அவர் கண்ணால் பார்த்த ஒன்று இருக்கிறது. பதற்றத்தில், வெட்கத்தில், யாரோ பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் பால் இறங்கத் தாமதமாகும். பாலை வெளியே தள்ளுகிற ஆக்சிடோசின் என்ற ஹார்மோன், மனசு இறுகியிருந்தால் தற்காலிகமாகக் குறையும். மார்பில் பால் இருக்கும், இறங்காது. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டுக் கத்தும். அந்தக் காலத்தில் இதைப் பார்த்துத்தான் கண்ணு என்றிருப்பார்கள். இரண்டு நிமிஷம் மூச்சை நிதானமாக விட்டு, தோளைத் தளர்த்தி, குழந்தையின் முகத்தை மட்டும் பாருங்கள். இறங்கும்.

மாமியாரிடம் வாதம் செய்ய வேண்டாம். திருஷ்டிக்குக் கன்னத்தில் மை வைக்கிறேன் என்றால் வைக்கட்டும், அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. குழந்தைக்குக் கண்ணுக்குள் மட்டும் மை தீட்ட வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதை அவரிடம் மருத்துவரை விட்டே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாதீர்கள்!

அவரிடமே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள் எங்கே உட்கார்ந்து பால் கொடுத்தார்கள்? வரப்பு மரத்தில் தூளி கட்டிப் போட்டு, அழுகிற சத்தம் கேட்டதும் கரையேறி, கையைக் கழுவி, அங்கேயே உட்கார்ந்து கொடுத்தார்கள். இன்றும் கட்டட வேலை நடக்கிற இடத்தில் மணல் மேட்டில் உட்கார்ந்து சித்தாள் பெண் கொடுக்கிறாள். அவளை யாரும் ஒதுக்குப்புறமாகப் போகச் சொல்வதில்லை. இந்தக் கூச்சமெல்லாம் கொஞ்சம் வசதி வந்த வீடுகளில் தொற்றிக்கொண்டது என்பது என் அபிப்பிராயம்.

வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் பால் சூடாகிவிடுமா? முதல் பாலைப் பீய்ச்சிவிட வேண்டுமா?

வேண்டாம். வெளியே 40 டிகிரி அடித்தாலும் உங்கள் உடம்புச் சூடு மாறுவதில்லை, பாலும் அதே சூட்டில்தான் இருக்கும். பீய்ச்சிக் கொட்டுவது வீண். வந்ததும் வியர்வையைத் துடைத்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் கொடுங்கள். தண்ணீர் உங்களுக்குத்தான்.

அப்படியென்றால் வெளியே தாகத்துக்குக் குழந்தைக்குத் தண்ணீர்?

ஆறு மாதம் வரை ஒரு சொட்டும் வேண்டாம். தாய்ப்பாலில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீர்தான். வெயிலில் அடிக்கடி கேட்கும், அடிக்கடி கொடுங்கள். கடைத் தண்ணீர், கோவில் தீர்த்தம், "நாக்கு நனையத் தேன்" எல்லாவற்றுக்கும் ஒரே பதில். தேன் ஒரு வயது முடியும்வரை ஆபத்தானதும்கூட.

பீய்ச்சி எடுத்துக்கொண்டு போனால் இந்தத் தொல்லையே இல்லையே?

எடுத்துப் போகலாம். ஆனால் இதுவும் ஒரு தொல்லைதான், வேறு வகை. அறைவெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வரைக்கான கணக்கு. நம் ஊர் மதியத்துக்கு அதை நம்பாதீர்கள். ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டுபோனால் ஒரு நாள் தாங்கும், ஃப்ரிட்ஜில் நாலு நாள். குழந்தை வாய் வைத்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் கொட்டிவிட வேண்டும். புட்டி வேண்டாம், பாலாடையோ சங்கோ போதும், கழுவுவதும் எளிது. வெளியே போய் வர ஒரு நாள் புட்டி பழக்கி, அப்புறம் மார்பில் குடிக்க மறுக்கிறது என்று அலைந்தவர்கள் நிறைய.

தடுப்பூசி நாளுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஊசி போடும்போதே குடிக்கவைத்தால் வலி குறையும். நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

திடீரென்று பால் வழிந்து ரவிக்கை நனைந்துவிடுகிறது.

பக்கத்தில் வேறு குழந்தை அழுதாலே வழியும், எல்லோருக்கும் உண்டு. கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு மார்பை ஒரு நிமிஷம் அழுத்தினால் நிற்கும். பருத்திக் கைக்குட்டையை மடித்து உள்ளே வையுங்கள். பூப்போட்ட, அடர்நிறத் துணியில் ஈரம் தெரியாது.

யாராவது முறைத்தால், எழுந்து போகச் சொன்னால், போட்டோ எடுத்தால்?

முதலில் ஒரு நிதானம்: பெரும்பாலானவர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். உதவி செய்கிறவர்கள்தான் அதிகம்.

முறைக்கிற ஆளைத் திரும்பி நேராகப் பாருங்கள். அதுவே போதும், பெரும்பாலும் தலையைக் குனிந்து போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார். இல்லையென்றால் "என்ன சார் வேணும்?" என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற குரலில் கேளுங்கள். கடையிலோ ஹோட்டலிலோ எழுந்து போகச் சொன்னால், "குழந்தை சாப்பிடுது. முடிச்சதும் போறோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள். காரணம் விளக்க வேண்டாம். விளக்க ஆரம்பித்தால் அது விவாதமாகிவிடும், குழந்தையும் வாயை எடுத்துவிடும்.

போட்டோ, வீடியோ வேறு விஷயம். பாலூட்டும் அறை, ட்ரையல் ரூம் போன்ற மறைவான இடத்தில் பால் கொடுக்கும் பெண்ணை ரகசியமாகப் பார்ப்பதும் படம் எடுப்பதும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. வெளியிடத்தில் கேவலமாகப் பேசுவது, சைகை செய்வது 79-ஆவது பிரிவில் வரும். பஸ்ஸில் என்றால் கண்டக்டரிடம் சொல்லி வண்டியைக் காவல் நிலையத்துக்கு விடச் சொல்லலாம். பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112. போனைப் பிடுங்கப் போகாதீர்கள். கையில் குழந்தை இருக்கிறது.

கூட வருகிற கணவர் என்ன செய்ய வேண்டும்?

பதற்றப்படாமல் இருந்தாலே பெரிய உதவி. "இங்கேயா? இப்பவா?" என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தால், ஊரே பார்க்கும். பையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, பக்கத்தில் சாதாரணமாக உட்கார்ந்து பேச வேண்டும். முன்னால் நின்று காவல்காரர் மாதிரி மறைக்க வேண்டாம். குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது அவர் வேலை. சட்டையில் கக்கினால் கக்கட்டும்.

வீட்டுக்குக் குழந்தை பார்க்க வருகிறவர்கள் ஹாலிலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்க் கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது.

பல பெண்களுக்குப் "பொது இடம்" சொந்த வீட்டு ஹால்தான். பஸ்ஸில் துணிந்து கொடுத்துவிடுகிற பெண், பெரிய மாமனார் முன்னால் கொடுக்க முடியாமல் தவிப்பாள். உள்ளே போவது உங்களுக்கு ஓய்வாக இருந்தால் போங்கள், விருந்தாளியிடமிருந்து தப்பிக்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஒதுக்கிவைத்த மாதிரி இருந்தால் ஹாலிலேயே ஓரமாக, முதுகைக் காட்டி உட்கார்ந்து, பேச்சில் கலந்துகொண்டே கொடுங்கள். முதல் தடவை இரண்டு பேர் எழுந்து வாசலுக்குப் போவார்கள். போகட்டும், திண்ணையில் காற்று நன்றாக வரும்.

வேலைக்குத் திரும்புகிறேன். ஆபீஸில்?

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பால் கொடுக்க ஒரு நாளில் இரண்டு இடைவேளை உங்கள் உரிமை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு சட்டத்தில் வந்தது இது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், நாளில் நாலு தடவை அங்கே போய்வரவும் விட வேண்டும் என்பது 2017 திருத்தம். வாய்வார்த்தையாகக் கேட்காமல் மெயிலில் கேளுங்கள்.

பிள்ளைக்கு ஒன்றரை வயது. கடையில் நின்றுகொண்டு "பாச்சி" என்று முந்தானையை இழுக்கிறான். மானம் போகிறது.

இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே "இவ்வளவு பெரிய பையனுக்கா?" என்கிறவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம். ஆனால் இந்த வயதில் அது எப்போதும் பசி இல்லை. சலிப்பு, தூக்கம், புது இடம், சில சமயம் வெறும் அதிகாரம். பையில் ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் பொரியும் வைத்திருங்கள். "வீட்டுக்குப் போய்" என்று சொன்னால், வீட்டுக்குப் போனதும் மறக்காமல் கொடுங்கள். அடுத்த தடவை காத்திருப்பான். சொல்லிவிட்டு ஏமாற்றினால் மறுநாள் கல்லாப்பெட்டி முன்னாலேயே இழுப்பான். அப்படியும் அடங்காமல் கத்தினால், பில் போடுகிற வரிசையை விட்டு ஓரமாகப் போய் இரண்டு நிமிஷம் கொடுத்துவிடுங்கள். வரிசையில் உங்கள் கூடையை அடுத்த அம்மா பார்த்துக்கொள்வார்.